கடைமடைக்கு வரும் நோய்

மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12ஆம் தேதி திறந்துவிடுவது என்று சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்ட காவிரி நீர், கல்லணையைக் கடந்து, கிளைகளாகவும் கிளைகளின் கிளைகளாகவும் பிரிந்து, வழியெல்லாம் மதகுதோறும் தன் பங்கைக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியாக எந்த மண்ணை நனைத்துவிட்டுக் கடலில் கலக்கிறதோ, அந்த மண்ணில் ஒரு பகுதிக்குக் காரைக்கால் என்று பெயர். நாற்புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் வங்கக் கடலும் சூழ, ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள இந்தப் பிரதேசம், 1954 நவம்பர் 1ஆம் தேதிவரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும் அதன்பின் புதுச்சேரியின் ஓர் அங்கமாகவும் இருந்துவருகிறதே தவிர, அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் திருமலைராஜனாறும் எந்த ராஜ்யத்தின் எல்லையையும் அறிந்தவையல்ல. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் காரைக்காலுக்கென்று 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே நிலைநிறுத்தியது. ஆனால் தீர்ப்பில் எழுதப்பட்ட நீர் வேறு, உரிய காலத்தில் வரப்பேறி வயலில் நிற்கும் நீர் வேறு என்பதைக் கடைமடை விவசாயிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையின் விஷயம் பயிர் நோய். அதிலும் பூச்சிமருந்தையும் பூஞ்சாண மருந்தையும் விலக்கி, இயற்கை முறையில் பயிரிட முற்படுபவர்கள் நோயை எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பது. அதற்கு மேட்டூரைப் பற்றிய பூர்வபீடிகை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காரைக்கால் வயல்களில் நெல்லுக்கு வரும் வியாதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அதன் காரணத்தைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு வாய்க்கால் தலைப்பிலேதான் போய் முடிகிறது. நீர் பிந்தி வந்தது, அல்லது வந்த நீர் வடியவில்லை: இந்த இரண்டில் ஒன்று.

நெல்லின் வியாதிகளில் முதன்மையானது குலைநோய். இலையில் நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும், இரு முனையும் கூர்மையாகக் கண்வடிவத்தில் தோன்றும் புள்ளிகளே இதன் முதல் அடையாளம். இலையோடு நின்றுவிட்டால் பயிர் பிழைத்துக்கொள்ளும். கதிர் வெளிவந்த பிறகு அதன் கழுத்திலே பற்றிக்கொண்டால்தான் ஆபத்து. கழுத்துக் கறுத்து, உணவு மேலே ஏறாமல், மணி பால் பிடிக்காமல், கதிர் முழுவதும் பதராகி நிமிர்ந்து நிற்கும். 'சாவியாகப் போச்சு' என்று டெல்டாவில் சொல்வார்கள். ஆறு மாதத்துப் பாடு அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். பைரிகுலேரியா என்னும் பூஞ்சாணம் இதற்குக் காரணம். இலையிலுள்ள ஒரு புள்ளி மட்டும் நாளொன்றுக்கு 2,000 முதல் 6,000 வரை வித்துகளை ஏறக்குறைய இரண்டு வாரகாலம் காற்றில் விட்டுக்கொண்டேயிருக்கும். அந்த வித்து ஈரமான இலைமேல் விழுந்தால் முளைத்து, ஒரு சிறு குமிழியை உண்டாக்கி, கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தத்தை அதற்குள்ளே திரட்டி, இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரின் பலம் இவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னது 1991ஆம் ஆண்டில்.

இந்த வித்து முளைப்பதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இலைமீது பல மணி நேரம் நீங்காத ஈரம். இரவு வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் ஏறி, வானம் மூடிக்கிடந்து, தூறலும் பனியும் மாறிமாறி இறங்கும் நாட்கள் அதற்கு உகந்தவை. கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதிவரை காரைக்காலின் சுபாவமே அதுதான். ஆகவே சம்பாக் கதிர் எந்த வாரத்தில் வெளிப்படுகிறது என்பதே இங்கே முக்கியமான கேள்வி. நீர் காலத்தில் வந்து, நாற்றங்கால் காலத்தில் விட்டு, நடவு காலத்தில் முடிந்தால், கடும்பனி இறங்குவதற்குள் கதிர் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நீர் ஒரு மாதம் பிந்தினால் கதிரும் ஒரு மாதம் பிந்தி, நேராகப் பனியின் வாயிலே போய் விழுகிறது. பிந்திய நீரினால் நாற்றுக்கு வயது முதிர்கிறது என்பது அடுத்த சங்கடம். முதிர்ந்து நெடிதாக வளர்ந்த நாற்றை நட வசதியாயிருக்கும்பொருட்டு நுனியைக் கிள்ளிவிடுவது பழைய வழக்கம். கிள்ளிய அந்தப் புண்ணின் வழியாகத்தான் பாக்டீரியா இலைக்கருகல் நோயின் கிருமி உள்ளே புகுகிறது. நோயைப் பற்றிச் சிந்திக்காமலே செய்யப்படுகிற ஒரு சிறு காரியம், பின்னால் நோயாக வந்து நிற்கிறது. இயற்கை விவசாயியானாலும் மற்றவரானாலும், நுனி கிள்ளாமல் நடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரசாயன உரமும் மருந்தும் வந்த பிறகுதான் பயிருக்கு நோய் வந்தது, அவற்றை நிறுத்திவிட்டால் நோயும் நின்றுவிடும் என்று மேடைகளில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தால் சொல்லப்படும் வார்த்தைதான்; ஆனால் சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1637ஆம் ஆண்டுச் சீன நூலொன்றில் நெல்லுக்கு வரும் காய்ச்சல் என்று குலைநோய் வர்ணிக்கப்பட்டிருப்பதாக அறிஞர்கள் கூறுகிறார்கள். இந்தியாவில் இந்நோய் 1913இல் பதிவாகி, 1919இல் முதன்முதலாகப் பெருங்கொள்ளையாகப் பரவியது வேறெங்குமல்ல, இதே தஞ்சைக் கழிமுகத்தில்தான். அன்று யூரியா இல்லை. மூட்டை மூட்டையாக உரம் இல்லை. கிடை போட்டும் எருவடித்தும் தழை மிதித்தும் பயிரிட்ட காலம் அது. பின்னர் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கோ 4 என்ற இரகத்தின் தாங்கும் சக்தியைத் துணைகொண்டு கோ 25 முதலிய இரகங்களை உண்டாக்கியதற்கெல்லாம் இந்தக் குலைநோய்ப் பயமே தூண்டுகோல். ஆகையால் இயற்கை விவசாயம் நோயற்ற விவசாயம் அன்று. நோய் வரும், வந்தாலும் அது பரவுவதற்கு வேண்டிய சௌகரியங்களை முன்கூட்டியே மறுத்துவைப்பதுதான் இயற்கை விவசாயத்தின் சாமர்த்தியம்.

இந்த வித்தியாசத்தை உணராதவர்கள்தான், பழைய மருந்து டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் பஞ்சகவ்யக் குடத்தை வைத்துவிட்டு, 'இயற்கைக்கு மாறிவிட்டோம்' என்று சந்தோஷப்படுகிறார்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் 1990களின் இறுதியில் பிரசித்தப்படுத்திய பஞ்சகவ்யம் பயிருக்கு ஊட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 3 சதவீதக் கரைசலாகத் தெளித்த வயலின் செழுமையைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் கழுத்துக் கறுத்துவிட்ட கதிரை மீட்கும் அமிர்தம் எந்தக் குடத்திலும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். டப்பாவோ குடமோ, நோய் கண்ட பிறகு ஓடிப்போய்த் தெளிக்கும் மனோபாவம் மாறாதவரை எதுவும் மாறியதாகாது.

அப்படியானால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை எவை? விதையிலிருந்து தொடங்குவோம். உப்பைக் கரைத்த நீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேற்புறம் சிறிது வெளியே தெரியும்வரை உப்பைச் சேர்த்து, அந்த நீரில் விதைநெல்லைக் கொட்டிக் கலக்கினால், பதரும் அரைப்பால் மணியும் நோய்ப்பட்ட மணியும் மேலே வந்துவிடும்; அவற்றை அரித்து எறிந்து, அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவிக்கொள்ள வேண்டும். முட்டை ஒன்று, உப்பு சில கிலோ. இதைவிட மலிவான வைத்தியம் வேளாண் சாஸ்திரத்தில் இல்லை. பிறகு விதை நேர்த்தி. மண்ணிலும் வேரிலும் இயல்பாகவே வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, நோய்க் கிருமிகளோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டு, அவற்றுக்குப் பாதகமான பொருள்களையும் சுரந்து, பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஞானமாணிக்கமும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரன் முதலியோரும் 1990களில் நெல்லின் நோய்களுக்கு எதிராக இதைப் பரீட்சித்து வெளியிட்ட ஆராய்ச்சிகள் உலகம் அறிந்தவை. கிலோ விதைக்கு 10 கிராம் பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, விதையை ஓரிரவு ஊறவைத்து முளைகட்டுவது முதற்படி. நடவன்று வயலின் ஒரு மூலையில் சிறு பாத்தி கட்டி, விரற்கடை ஆழம் நீர் நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியைக் கரைத்து, நாற்றுமுடிகளின் வேர் அரைமணி நேரம் அதில் நனைந்திருக்கச் செய்வது இரண்டாம் படி.

இதில் ஒரு சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொட்டலத்தில் இருப்பது மருந்தல்ல, உயிர். கடையின் தகரக் கூரையின் கீழே ஆறு மாதம் வெந்துகிடந்த பொட்டலத்தை வாங்கிவந்து, உச்சி வெயிலில் தெளித்துவிட்டு, 'பலனில்லை' என்று முடிவு கட்டுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவதும், நிழலில் வைப்பதும், மாலையில் தெளிப்பதும், தாமிர மருந்தோடு கலக்காதிருப்பதும் நூலில் எழுதப்பட்ட விதிகள் என்பதற்காக அல்ல, உயிருள்ள எதற்கும் வேண்டிய மரியாதை என்பதற்காகச் செய்ய வேண்டியவை.

அடுத்தது பசுமையைப் பற்றிய மோகம். கரும்பச்சையாகப் பயிர் நிற்பதைக் கண்டு பூரிக்காத விவசாயி இல்லை. ஆனால் தழைச்சத்து மிஞ்சிய பயிரின் இலை மென்மையாகிக் குலைநோய்க்கும் இலைக்கருகலுக்கும் எளிதாக இடங்கொடுக்கிறது. யூரியாவை விட்டுவிட்டதால் தமக்கு இந்தக் கவலை இல்லை என்று இயற்கை விவசாயிகள் நினைத்துக்கொள்வது பிசகு. தக்கைப்பூண்டை மடக்கி உழுது, அதன்மேல் வண்டி வண்டியாகத் தொழுவுரம் அடித்து, மேலும் ஜீவாமிர்தமும் மீன் அமிலமும் வாரந்தோறும் விட்டால், பயிருக்குக் கிடைப்பதும் அதே தழைச்சத்துத்தான். அது எந்த வழியாக வந்தது என்று பூஞ்சாணம் விசாரிப்பதில்லை. கடற்கரையூரில் மீன் கழிவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக மீன் அமிலத்தை அளவின்றி விடும் பழக்கம் கவனிக்கத்தக்கது. வேளாண் துறையினர் தரும் இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பார்த்துவிட்டு, பசுமை போதுமென்றால் நிறுத்திக்கொள்வது நல்லது. இதற்கு நேர்மாறாக, இலையின் தோலை உறுதிப்படுத்தும் மணற்சத்து நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் ஏராளமாக இருக்கிறது. அறுவடையோடு அவ்வளவும் வயலைவிட்டு வெளியேறுகிறது. ஆலையில் கிடைக்கும் உமிச் சாம்பலை நாற்றங்காலுக்குக் கொண்டுவந்து போடுவது, சென்றதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

வரப்புகளையும் சொல்ல வேண்டும். காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்று ஈசருக்குத் தர்ப்பாரண்யேஸ்வரர் என்று திருநாமம். தர்ப்பைக் காடாக இருந்த ஸ்தலம் என்பது ஐதிகம். சனிக்கிழமைதோறும் பல்லாயிரம் பேர் வந்துபோகும் அந்த க்ஷேத்திரத்தைச் சுற்றியுள்ள வயல்களின் வரப்புகளில் இன்று தர்ப்பையைவிட மற்றப் புற்கள்தாம் மிகுதி. குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கு நெல் இல்லாத நாட்களில் புகலிடம் கொடுப்பவை இத்தகைய களைப் புற்களே. சனியின் தோஷம் நீங்க எள் தீபம் ஏற்றுபவர்கள் ஏற்றட்டும். வயலின் தோஷம் நீங்க வரப்பைச் செதுக்குவது அவசியம்.

இனி, கடைமடையின் களைகளிலே இருக்கும் ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். வாய்க்கால்களில் மண்டி நீரோட்டத்தை மறிக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும், கரைகளையும் தரிசுகளையும் ஆக்கிரமித்துக்கொண்ட சீமைக் கருவேலத்தையும் சபிக்காதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. நெற்கதிர் தொண்டையில் இருக்கும்போது அதை மூடியிருக்கும் கண்ணாடி இலையின் உறையைத் தாக்கி, கதிர் முழுதாக வெளிவராமல் அழுகச் செய்யும் இலையுறை அழுகல் நோய்க்கு, இந்த இரு செடிகளில் ஏதேனும் ஒன்றின் இலைப்பொடியை ஹெக்டேருக்கு 25 கிலோ என்ற கணக்கில் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்திருக்கிறது. பொதிப்பருவத்தில் ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை. வாய்க்காலைத் தூர்வாரினால் நோய்க்குக் காரணமான தேங்குநீரும் போகும், நோய்க்கு மருந்தும் கையோடு வரும். இதுவும் இல்லாவிட்டால் வேப்பங்கொட்டை இருக்கவே இருக்கிறது: ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்பும் கரைத்துக்கொண்டால் 5 சதவீதச் சாறு தயார்.

பாக்டீரியா இலைக்கருகலுக்கு இன்னும் எளிய வஸ்து சிபாரிசாகியிருக்கிறது. இலையின் ஓரம் நுனியிலிருந்து கீழ்நோக்கி அலையலையாக மஞ்சளாகி வைக்கோல் நிறத்தில் காய்ந்துவரும் இந்நோய்க்கு, 40 கிலோ புதுச் சாணத்தை 100 லிட்டர் நீரில் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி, மேலும் நீர் சேர்த்து 200 லிட்டராக்கி, நோய் தலைகாட்டியவுடன் ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் ஏக்கருக்குத் தெளிப்பது அது. சாணத்தில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் கிருமியை அடக்குகின்றன என்பது காரணம். நவீன ஆராய்ச்சிக்கூடமும் தொழுவமும் ஒரே முடிவுக்கு வரும் அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

ஆயினும் இந்நோயில்தான் தனி ஒரு விவசாயியின் சாமர்த்தியம் எல்லை காண்கிறது. இதன் கிருமி மழைத்துளியின் தெறிப்பிலும் காற்றிலும் மட்டுமல்ல, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மடை வழியாக இறங்கும் நீரிலும் பிரயாணம் செய்கிறது. கடைமடையில் தனி வாய்க்கால் இல்லாத வயல்கள் அநேகம். மேல்வயலின் நீர்தான் கீழ்வயலுக்குப் பாசனம். மேலே நாற்பது மா நிலத்தில் நோய் இருக்கும்போது கீழே நான்கு மா நிலத்தில் ஒருவர் சாணக் கரைசலோடு நிற்பது பரிதாபமான காட்சி. இலையுறைக் கருகலும் இப்படித்தான். அதன் கடுகளவான வித்துக்கூடுகள் உழவின்போது மேலே மிதந்து, நுரையோடும் குப்பையோடும் காற்றடிக்கும் பக்கத்து மூலையில் ஒதுங்கி, நடவுக்குப் பின் நீர்மட்டத்தில் தூரைப் பற்றிக்கொள்கின்றன. அந்த மூலைக் குப்பையை அரித்தெடுத்துக் கரையில் கொளுத்துவது நல்ல உபாயம்; பக்கத்து வயல்காரரும் செய்தால்தான் அது முழு உபாயம். நேரடி விதைப்பில் விதையை நெருக்கித் தெளித்துவிட்டு, காற்றுப் புகாத புதராகப் பயிரை வளர்ப்பவர்களுக்கு இந்நோய் தவிர்க்க முடியாதது. சதுரத்துக்கு ஒரு நாற்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும் திருந்திய நெல் சாகுபடி, விளைச்சலைக் கூட்டுகிறதா என்று தர்க்கித்துக்கொண்டிருப்பவர்கள்கூட, அது தூருக்கு வெயிலும் காற்றும் கொடுக்கிறது என்பதை மறுப்பதில்லை.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு பரீட்சை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. குலைநோய்க்கு எளிதில் ஆட்படும் உயர்விலைப் பசைநெல்லை, நோய்தாங்கும் வேறு இரகத்தின் வரிசைகளுக்கிடையே கலந்து, ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஒருசேரப் பயிரிட்டார்கள். தனியாக நட்ட பசைநெல்லோடு ஒப்பிட, கலந்து நட்டதில் நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்து, அதன் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் ஆண்டு முடிவில் பூஞ்சாண மருந்து தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு இது வெளியானபோது உலகம் வியந்தது. தஞ்சைக் கழிமுகத்தின் தாழ்ந்த நிலங்களிலோ, குறுவை நெல்லையும் நீண்டநாள் இரகமான ஒட்டடையானையும் ஒரே வயலில் கலந்து பயிரிட்டு, முன்னதை முதலிலும் பின்னதை மாதங்கள் கழித்தும் அறுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நம் முன்னோர் நோயைக் கருதித்தான் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். வெள்ளத்துக்கு ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்ற முன்யோசனையே பிரதானமாக இருந்திருக்கலாம். ஆனால் வயல் முழுவதும், ஊர் முழுவதும், தாலூகா முழுவதும் ஆந்திராப் பொன்னி என்ற ஒரே இரகத்தை நட்டுவிட்டு, குலைநோய்க்கு எளிதில் இரையாகும் அதைப் பனிக்காலத்தில் கதிர்விடச் செய்து, பின் மருந்துக் கடைக்கு ஓடும் இன்றைய வழக்கம் அதைவிட விவேகமானதென்று யாரும் சொல்ல முடியாது. பாரம்பரிய நெல் மீட்பாளர் நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரங்கத்தில் நடத்திவந்த விதைத் திருவிழாக்களின் பயனாகக் குழியடிச்சானும் காட்டுயானமும் கிச்சிலிச் சம்பாவும் தூயமல்லியும் மறுபடி டெல்டாவில் கைமாறத் தொடங்கின. எல்லாப் பாரம்பரிய இரகங்களும் எல்லா நோய்களையும் தாங்கும் என்பது மிகைக் கூற்று. பல இரகங்கள் அருகருகே இருக்கும்போது நோய் நடப்பதற்கு வழி தடைப்படும் என்பது உண்மை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையோர வயல்களுக்குள் கடல்நீரைக் கொட்டிவிட்டுப் போனபோது, இனிப் பல ஆண்டுகள் பயிர் விளையாது என்றே பலர் எண்ணினார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு உழைத்தவர்களும் தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கியும், மக்கிய உரமிட்டும், மழைநீரைத் தேக்கி உப்பை வடித்தும் நிலத்தை மீட்டுக் காட்டினார்கள். இதற்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டு. களர் பற்றிய, சாம்பல்சத்து வற்றிய, வேர் மூச்சுவிட முடியாத மண்ணில்தான் பழுப்புப் புள்ளி நோய் கொண்டாட்டம் போடுகிறது. வளமான மண்ணில் அது பெரும்பாலும் தலையெடுப்பதில்லை. 1942 அக்டோபர்ப் புயலுக்குப் பிறகு வங்காளத்து நெல்லை அழித்ததும், மறு ஆண்டின் பெரும்பஞ்சத்துக்குக் காரணங்களில் ஒன்றாகப் பயிர்நோய் அறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் சுட்டிக்காட்டியதும் இந்த நோயே. பஞ்சத்துக்கு நெல் குறைந்ததல்ல, மனிதரின் கொள்முதல் சக்தி குறைந்ததே மூலம் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் வாதித்ததும் வாசகர் அறிந்ததே. இன்னொரு பாடமும் உண்டு: வடக்கே தராய்ப் பிரதேசத்தில் நெல் துருப்பிடித்தாற்போல் காய்ந்ததை எல்லோரும் தொற்றுநோய் என்று கருதியிருக்க, 1960களின் நடுவில் பயிர்நோய் அறிஞர் ஒய்.எல். நெனே அது நோயே அல்ல, மண்ணில் துத்தநாகக் குறை என்று நிரூபித்தார். இலை பழுத்தவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், மண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நெற்பழ நோயைப் பற்றியும் இரண்டு வரி. மணிக்குப் பதிலாக மஞ்சள் உருண்டை கதிரில் தோன்றினால் அமோக விளைச்சலின் அறிகுறி என்று கருதி அதற்கு லட்சுமி நோய் என்றே பெயரிட்டார்கள். லட்சுமி வந்த வயலின் நெல்லை விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர் நமக்கு விட்டுச்சென்றவற்றில் ஒன்று, காரைக்கால் வழியாக அல்லாவிட்டாலும், உலகம் முழுவதும் பயிர் வைத்தியத்தில் நிலைத்துவிட்டது. போர்டோ நகரத்தை அடுத்த திராட்சைத் தோட்டக்காரர்கள், சாலையோரக் கொடிகளிலிருந்து வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து நீலமாக அடித்துவைத்தார்கள். 1882இல் அவ்வழியே சென்ற பேராசிரியர் மில்லார்டே, மற்றக் கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலையுதிர்ந்து நிற்க, திருடருக்குப் பயந்து நீலம் பூசிய கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதைக் கண்டார். 1885இல் அந்தக் கலவை வெளியாயிற்று. இயற்கை விவசாயத்தின் விதிகள் இதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. ஆனால் தாமிரம் மண்ணிலேயே தங்கி, மண்புழுவுக்கும் நல்ல பூஞ்சாணத்துக்கும் விஷமாகும் என்பதால், ஐரோப்பாவில் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாதென்று வரம்பிட்டிருக்கிறார்கள். நெல்லுக்கு இது தேவையே இல்லை. தென்னைக்கு வேண்டியிருக்கலாம்.

தென்னை என்றதும் 1952 புயல் நினைவுக்கு வருகிறது. அதன்பின் தஞ்சை மாவட்டக் கரையோரத்தில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர்பெற்றுவிட்ட நோய், மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறாகக் கசிந்து, மெல்ல மேலேறி, மட்டைகளைத் தொங்கவிட்டு, மரத்தையே கொன்றுவிடும். இதற்கு இயற்கை முறை நன்றாகவே கைகொடுக்கிறது: மரத்துக்கு ஆண்டொன்றுக்கு 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அவற்றோடு டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணமும் சூடோமோனாஸும் 200 கிராம் வீதம், ஊடே வாழை. நோய் முற்றிய மரத்தை வேரோடு எடுத்துக் கொளுத்திவிட வேண்டும். அதில் தயை கூடாது.

நெல்லறுப்புக்கு முன் ஈரத்திலே தெளிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல் பெருஞ்சத்துரு. அதற்கு வம்பன் ஆராய்ச்சி நிலையத்தின் தாங்கும் இரகங்களை விதைப்பதும், முதலில் மஞ்சளாகும் செடிகளைத் தயங்காமல் பிடுங்குவதும் தவிர வேறு வழி கிடையாது. வைரஸுக்கு மருந்து இயற்கையிலும் இல்லை, செயற்கையிலும் இல்லை.

இவ்வளவையும் செய்தால் நஷ்டமே வராதா என்று கேட்டால், வரும். பூக்கும் நாளில் ஒரு வாரம் விடாமல் தூறினால், எல்லாம் செய்தவருக்கும் ஒரு பங்கு போகத்தான் போகும். பக்கத்தில் பூஞ்சாண மருந்து தெளித்தவருக்கு அந்த ஆண்டு கொஞ்சம் குறைவாகப் போகலாம். மாறிய முதல் சில ஆண்டுகளில் இந்த வேற்றுமை உறுத்தும். அதை மறைத்துவிட்டு ஒருவரை இயற்கைக்கு அழைப்பது நேர்மையல்ல. முதலில் ஒரு மா, இரண்டு மா என்று தொடங்கச் சொல்வதே யோக்கியமான ஆலோசனை.

ஆனால் தனி விவசாயி செய்யக்கூடியதைச் செய்தபின் எஞ்சி நிற்பவை பொதுக் காரியங்கள். 1987 முதல் செருமாவிலங்கையில் நடந்துவரும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியும் மாதூர் வேளாண் அறிவியல் நிலையமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், உயிருள்ள சூடோமோனாஸும் டிரைக்கோடெர்மாவும் நாற்றுவிடும் வாரத்தில் ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும் புதிதாகக் கிடைக்க ஏற்பாடு செய்வது பெருஞ்செலவான காரியமல்ல. நீர் பிந்தும் ஆண்டுகளில், ஆழ்துளைக் கிணறு உள்ள இடத்தில் ஊருக்கொரு பொது நாற்றங்கால் விட்டால் முதிர்ந்த நாற்றை நடும் தொல்லை பாதி நீங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்க்காலும் வடிகாலும் தூர்வாரும் வேலையைத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது தொடங்காமல் மே மாதத்துக்குள் முடித்துவிடுமாறு புதுச்சேரி அரசையும், எல்லைக்கு அப்பால் அதே ஆறுகளைப் பராமரிக்கும் தமிழ்நாடு அரசையும், காரைக்கால் விவசாயிகளின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.